மேட்டு ஊரிலிருந்து காவிரிக்கு: நான்கு நாள் நாட்குறிப்பு

முதல் நாள், சனிக்கிழமை: பென்னாகரம்

"காவிரி உங்கள் மாவட்டத்தின் வழியாகத்தானே ஓடுகிறது, உங்களுக்கு என்ன தண்ணீர்க் கவலை?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் கிணற்றுக்கும் ஏரிக்கும் வயலுக்கும் எட்டாத பள்ளத்தில் ஓடுகிறது. தஞ்சாவூர்க்காரர் வீட்டுக் கொல்லைக்குக் காவிரி தானே வந்து நிற்கும். தருமபுரிக்காரர் மலை இறங்கிப் போய் அதைப் பார்த்து, குளித்து, மீன் தின்றுவிட்டு மறுபடி மேலேறி வர வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. அப்படி இறங்கி ஏறுவதை விட்டுவிட்டு, இந்த மார்கழியில் நான்கு நாட்கள் ஆற்றங்கரையோரமாகவே சுற்றிவர வேண்டும் என்று ஓசூரிலிருந்து கிளம்பினேன். துணைக்குப் பென்னாகரத்துச் சித்தப்பா. அறுபத்தெட்டு வயது, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நடையில் என்னைத் தோற்கடிப்பவர்.

முதலில் தருமபுரி நகரில் நடுகற்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் போனோம். ஆற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று சித்தப்பா கேட்டார். தகடூர் என்று பழைய பெயர் கொண்ட இந்தத் தருமபுரி மேட்டு நிலத்தின் கதை கல்லில்தான் இருக்கிறது என்பதே என் பதில். ஆநிரை கவர்ந்து போனவர்களை எதிர்த்து மடிந்தவன், புலியைக் குத்திச் செத்தவன், ஊரைக் காக்க நின்று விழுந்தவன் என்று வரிசையாக நிற்கிறார்கள். ஒரு கல்லின் முன் நீண்ட நேரம் நின்றேன். வில்லும் குறுவாளுமாக இடப்பக்கம் நோக்கி விரைந்து செல்லும் வீரன், தொடையில் அம்பு, காலடியில் மூக்குள்ள கெண்டி ஒன்றும் சிறு சிமிழ் ஒன்றும், வட்டெழுத்து வரிகள் பாதி தேய்ந்துவிட்டன. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று படிப்படியாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுத்து, கொண்டுவந்து, நீராட்டி, அதன் பிறகே நடுகிறார்கள். இந்த வறண்ட மேட்டில் அந்த நீராட்டுக்கான தண்ணீரை எந்தச் சுனையிலிருந்து சுமந்தார்களோ என்ற எண்ணம் நாள் முழுவதும் கூடவே வந்தது.

பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் வந்தோம். தொழுநோய் தின்ற உடலோடு ஊர் ஊராக அலைந்த சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது பாப்பாரப்பட்டியில்தான். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப அவர் கண்ட கனவுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டியதும் இதே ஊரில். நினைவு மண்டபத்தில் எங்களைத் தவிர வேறு ஆளில்லை. இதே பாப்பாரப்பட்டி அருகேதான் 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஆற்றோரக் காட்டுக்குள் ஆடு மேய்க்கப் போகவே எங்கள் பக்கத்து ஆட்கள் வீரப்பன் கூட்டம், போலீஸ் என்று இரு தரப்புக்கும் அஞ்சினார்கள் என்பதைச் சித்தப்பா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சித்தப்பா சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். சிறுவயதில் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். அவருடைய மேல்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள் ஓடும். காவிப் பல் என்று ஊரில் பட்டப்பெயர். எங்கள் வட்டாரத்துப் பாறைக்கடியில் கிடக்கும் நீரில் புளோரைடு கூடுதல். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு; அதற்கு மேலான நீரைப் பல் முளைக்கும் வயதில் குடித்தால் பல்லின் மேற்பூச்சு கெடும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்கச் சிக்கல் பெருகியது. பள்ளத்தில் ஓடும் காவிரியைக் குழாயில் மேலேற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் தண்ணீர் வந்தது. சித்தப்பாவின் பேத்திக்கு எட்டு வயது. ராத்திரி சாப்பாட்டின்போது அவள் வாய் விட்டுச் சிரித்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தன, முளைத்த மற்றவை வெள்ளை.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை: ஒகேனக்கல்

காலையில் டீக்கடையில் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குத் தண்ணி எவ்ளோ?" என்பது. வானிலையைக் கேட்பதுபோல இங்கே எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நாலாயிரம் என்று பதில் வந்தது. நொடிக்கு நாலாயிரம் கன அடி என்பது அதன் முழு வடிவம். ஒகேனக்கல்லில் யாரும் அப்படி நீட்டி முழக்குவதில்லை. நாலாயிரம் என்றால் பரிசல் ஓடும், அருவியில் குளிக்கலாம், மீன் கடையில் அடுப்பு எரியும். கர்நாடகத்து கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் இந்த எண் சில நாளில் பல மடங்காகும். 2024 ஜூலை இறுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அருவி என்று தனியாக ஒன்று இல்லை, பாறையெல்லாம் மூழ்கி ஒரே வெள்ளமாகப் போனது என்றார் கடைக்காரர். அப்போது குளியலுக்கும் பரிசலுக்கும் தடை விழும். தடை விழுந்தால் பரிசல்காரர், எண்ணெய் தேய்ப்பவர், மீன் வறுப்பவர் ஆகிய எல்லோருக்கும் கூலி நின்றுபோகும். தண்ணீர் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்று இரண்டு எல்லைக்குள் ஓடுகிறது இவர்களுடைய பிழைப்பு.

பென்னாகரத்திலிருந்து கணவாய்ச் சாலையில் இறங்கும்போது காது அடைத்துத் திறந்தது. காற்றில் குளிர் போய் ஈரம் ஏறியது. ஊரை நெருங்குமுன்பே இரைச்சல் கேட்கத் தொடங்கிவிட்டது. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகையும் கல் என்பதே ஒகேனக்கல். பாறைப் பிளவுகளில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து விழுந்து தூவானமாக எழுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் அடுப்பு மூட்டியதுபோலத்தான் இருக்கிறது.

பரிசல்துறையில் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினோம். பரிசலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து கூடைபோல முடைகிறார்கள். அடிப்பாகத்துக்கு முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் படுதாவைக் கட்டித் தார் பூசுகிறார்கள். தலையும் வாலும் இல்லாத வட்டம் என்பதால் பாறையில் முட்டினால் நொறுங்காது, சுழன்று விலகிவிடும். படகுக்கு அடிக்கட்டை இருக்கும். பரிசலுக்குத் தட்டையான வயிறுதான், ஆகவே முழங்கால் அளவு நீரிலும் மிதக்கிறது. எங்கள் பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பைப் பின்னால் தள்ளவில்லை; முன்பக்கம் குந்தி, நீரைத் தன்னை நோக்கி எட்டின் வடிவில் இழுத்தார். பின்னால் தள்ளினால் பம்பரமாகச் சுற்றும், இழுத்தால்தான் நேரே போகும் என்றார். உச்சிவேளையில் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்தபடி கரையேறியவரைப் பார்த்தபோது, கால் முளைத்த ஆமை ஒன்று நடந்து போவதுபோல இருந்தது.

இருபுறமும் செங்குத்துப் பாறைகள். கைக்கெட்டும் உயரத்தில் வெள்ளம் விட்டுச் சென்ற வெளிறிய கோடு. அதற்கும் மேலே ஆளுயரம் இரண்டு தள்ளி, பாறை இடுக்கில் சிக்கிய ஒரு வேட்டித் துணி. அங்கே வரை ஆறு ஏறியிருக்கிறது. நடு ஆற்றில் பரிசல்காரர் வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றினார். பயணிகள் அலறினால்தான் கொடுத்த காசு செரிக்கும் என்பது அவர் கணக்கு. எங்களிடம் அலறல் கிடைக்காததால் நிறுத்திவிட்டு, "ஐயா பழைய ஆளு போல" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். எதிர்க்கரை கர்நாடகம். அந்தப் பக்கத்துப் பரிசல்களும் இதே நீரில்தான் மிதக்கின்றன. இரு கரைக்காரர்களும் தமிழும் கன்னடமும் கலந்து சத்தம் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள்.

இறங்கிய இடத்தில் பாசி படிந்த பாறையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். மருந்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது, எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் உள்ளங்கை நல்லெண்ணெயைக் காயத்தைச் சுற்றித் தடவிவிட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்து, முழு உடம்புக்குத் தேய்த்துக்கொள்ளுமாறு பேரம் பேசினார். நியாயமான வியாபாரம்.

மீனைக் கடையில் வாங்கி, ஆற்றோரம் அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். நாங்கள் வாளை வாங்கினோம். அந்த அம்மா அம்மியில் மிளகாயும் பூண்டும் சீரகமும் சேர்த்து வழிக்க வழிக்க அரைத்த மசாலாவைத் துண்டுகளில் அப்பி, புளிய விறகில் பொரித்தார். ஓசூரில் நூறு கடையில் "ஒகேனக்கல் மீன் வறுவல்" என்று பலகை தொங்குகிறது. அந்தப் பெயரை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. மாலையில் காவிரியம்மனையும் தேசநாதீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினோம். கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்த சாராயப் புட்டிச் சில்லுகளைக் காலில் குத்தாமல் தாண்டிவர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை: அஞ்செட்டிச் சாலையில்

காட்டு விலங்குகளைப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அனுமதியில்லாமல் ஆற்றோரக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இந்தக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், மேலும் 686 சதுர கிலோமீட்டர் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. நாங்கள் ஒகேனக்கல்லிலிருந்து அஞ்செட்டி செல்லும் பொதுச்சாலையில் பகலில் மட்டும் சென்றோம். பார்த்ததெல்லாம் சாலையிலிருந்தும், ஊர்க்காரர்கள் துணி துவைக்கும் துறைகளிலிருந்தும் பார்த்தவை.

விடியற்காலையில் துறை ஒன்றில் மணல் மேட்டில் சித்தப்பா குனிந்து எதையோ குச்சியால் கிளறினார். உலர்ந்த எச்சம், பொடித்துப் பார்த்தால் முழுக்க மீன் செதில், நடுவே நண்டின் ஓட்டுத் துண்டு. நீர்நாய். கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரைப் பாறை நிழலில் மூன்று தலைகள் எழுந்து, மூச்சை ஊதிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தன. ஒன்று மட்டும் பாறையில் ஏறி, முன்னங்கைகள் இரண்டாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து மென்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. இவை கூட்டமாக வளைத்து மீன் பிடிப்பவை. வலையைக் கிழிக்கிறது என்று மீனவர் அவற்றைத் திட்டுவது உண்டு. நீர்நாய் இருக்கும் மடுவில் மீன் இருக்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள்வதும் அவர்களேதான்.

கரையோரத்து நீர்மருத மரங்கள் இந்த ஆற்றின் அழகில் பாதி. வெளிறிய வழவழப்பான அடிமரம், ஆற்றின் மேல் சாய்ந்த கிளைகள், ஒரு மரத்தின் உச்சி அடுத்ததைத் தொட்டுக்கொண்டு நீளும் பந்தல். அந்தப் பந்தலில் சாம்பல் நிற மலை அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவியது. உடம்பளவுக்கு நீளமான வால், நரை விழுந்ததுபோன்ற முதுகு. தரையில் இறங்கப் பிடிக்காத பிராணி; ஆகையால் மரங்களின் தொடர்ச்சி அறுந்த இடத்தில் அதன் நாடும் முடிந்துவிடும். சீவில்லிபுத்தூருக்குப் போனால்தான் இதைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலை நீரில் தென்படவில்லை. நேற்றே ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையத்தில் பார்த்துவிட்டோம். வாய் திறந்து வெயில் காய்ந்தபடி கல்லாகக் கிடந்தவற்றைக் குழந்தைகள் பொம்மை என்றே வாதிட்டன. மாசி, பங்குனி வாக்கில் ஆற்று மணலில் குழி பறித்து முட்டையிடும் இந்த இனத்தில், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடே தீர்மானிக்கிறது. மணல் போனால் அந்தத் தலைமுறையே போயிற்று. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, முதுகு திமில்போல் உயர்ந்த மாசீர் என்னும் பெருமீனும் இந்த மடுக்களில் வாழ்ந்தது. அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ள அது இப்போது சித்தப்பாவின் வாய்ப்பேச்சில்தான் நீந்துகிறது: "பத்து வயசுப் பையன் நீளம் இருக்கும் கண்ணு."

நாட்ராம்பாளையத்தை நெருங்கும்போது சாலையிலேயே யானைச் சாணம், இன்னும் ஆவி அடங்காதது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இது ராகி அறுவடைக் காலம். காட்டிலிருந்து யானைகள் கதிர் வாசனைக்கு இறங்கும் பருவம். வழியிலுள்ள நிலங்களிலெல்லாம் பரண், பரணில் போர்வை, பக்கத்தில் தகர டப்பா. ஒரு பரணிலிருந்து இறங்கி வந்த பெண்மணி, "மூணு ராத்திரியா கண்ணை மூடல" என்றார். ஏக்கர் முழுக்க விளைந்தது ஒரே ராத்திரியில் மிதிபட்டுப் போகும் என்னும்போது, யானை வழித்தடம் பற்றி அவரிடம் உரையாற்ற எனக்கு நா எழவில்லை.

ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ஆலம்பாடி என்ற ஊரின் பெயரில் ஒரு மாட்டினம் உண்டு. கருஞ்சாம்பல் உடல், பின்னோக்கி வளைந்த கொம்பு, நெற்றியில் வெள்ளை. பென்னாகரம், அஞ்செட்டி மலைகளில் பட்டி போட்டுக் காட்டிலேயே மேய்த்து வளர்த்தார்கள். ஏர் உழவும், கவலை கட்டிக் கிணற்று நீர் இறைக்கவும் இதைவிட உறுதியான காளை கிடையாது. டிராக்டரும் மோட்டாரும் வந்த பின் காளைக்கு வேலை போயிற்று, காடு சரணாலயமான பின் மேய்ச்சலுக்கு இடம் சுருங்கிற்று. ஆநிரைக்காக உயிர் கொடுத்தவர்களை நேற்று முன்தினம் கல்லில் பார்த்தோமே, அந்த நிரை இன்று எங்கே என்று தேடிப் பார்த்ததில் நாள் முழுதும் எங்கள் கண்ணில் பட்டவை பதினொரு மாடுகள்.

இந்தக் கரையில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் நீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நிலையம். டீக்கடையில் கேட்கும் எண் இங்கே பிறக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று சொன்னதும், உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்ததும் இந்த இடத்தில் அளந்து தர வேண்டிய நீர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். நேற்றைய நாலாயிரத்தை வைத்துச் சித்தப்பா விரலில் கணக்குப் போட்டு, "மூணு நாள் ஓடுனா ஒண்ணு" என்றார். சரியாகத்தான் போட்டார்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை: நாகமரை

இன்று சுருக்கமாகவே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஒகேனக்கல்லுக்குக் கீழே ஆறு மெல்ல ஆறாக இருப்பதை விட்டுவிட்டு மேட்டூர் நீர்த்தேக்கமாகிறது. ஏரியூர் வழியாக நாகமரைத் துறைக்கு வந்தபோது எதிரே சேலம் மாவட்டத்துக் கரை மங்கலாகத் தெரிந்தது. 1934இல் அணை திறக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர் வெகுவாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அணை ஏறக்குறைய நிரம்பிக் கிடந்தது. 120 அடி வரை 93.47 டி.எம்.சி. தேக்கும் அந்த அணையின் நீருக்கடியில் எங்கோ நந்தி படுத்திருக்கிறது.

விசைப்படகில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆட்டுக்குட்டி, புதுமணத் தம்பதி, நாங்கள். சாலை வழியே சுற்றினால் அரை நாள் பிடிக்கும் என்பதால் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரு கரைகளுக்குள் இந்தப் படகில்தான் நடக்கிறது. படகோட்டியிடம் நந்தி எங்கே இருக்கும் என்று கேட்டேன். ஒரு கணம் எஞ்சினைத் தணித்து, வெறும் நீரில் ஓர் இடத்தைச் சுட்டினார். புதுப்பெண் அந்தத் திசையில் கைகூப்பினாள். நீர் வற்றினால் இதே இடத்தில் சோளமும் நிலக்கடலையும் விதைப்போம், ஏறினால் வலை வீசுவோம் என்றார். தலைக்கு மேல் பறந்த ஆற்று ஆலா ஒன்று அம்புபோல நீரில் விழுந்து, வெறும் வாயோடு எழுந்தது. பாம்புத்தாராக்கள் பட்டுப்போன மரக்கிளையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அந்த மரமும் ஏதோ ஒரு மூழ்கிய ஊரின் களத்துமேட்டில் நின்றதாக இருக்கலாம்.

திரும்பும் வழியில், துறைக்கு மேலே மேட்டில் ஒரு டீக்கடை. முற்றத்தில் நின்று பார்த்தால் நீர்த்தேக்கம் கடலாக விரிகிறது. கடைக்குப் பின்னால் உள்ள நிலத்தில் துவரை வாடி நின்றது. காவிரி உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி எங்கள் ஏரிகளை நிரப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை ஒரு பழைய சுவரொட்டியில் கிழிந்து தொங்கியது. சித்தப்பா குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்துவிட்டு, இது எந்தத் தண்ணி என்று கடைக்கார அம்மாவைக் கேட்டார்.

"ஒகேனக்கல் தண்ணிங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா உடுறாங்க. நேத்து வரல, அதனால பாத்து ஊத்திக்குங்க."

சித்தப்பா தம்ளரில் மிச்சமிருந்த இரண்டு மடக்கைக் கீழே கொட்டாமல் குடித்து முடித்தார்.